சந்தில் பூசுவது

பசை என்ற சொல் நமக்கு நன்றாகப் பழக்கமானது. சுவரொட்டி ஒட்டுகிறவர் வாளியில் கொண்டுவரும் மைதாப் பசை, தபால் நிலையத்தின் மூலையில் பாதி காய்ந்து கிடக்கும் கோந்து, தச்சர் உருக்கி ஊற்றும் வச்சிரம் என எல்லாமே இரண்டு பொருட்களைப் பிரியவிடாமல் பிடித்துவைப்பவை. கணினியின் பிராசஸருக்கும் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவுகிற தெர்மல் பேஸ்ட்டையும் நாம் ‘வெப்பப் பசை’ என்றே தமிழாக்குகிறோம். உண்மையில் அது எதையும் ஒட்டுவதில்லை. ஒட்டிக்கொண்டது என்றால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

களிம்பு என்றால் இன்னும் பொருந்தும். மலிவான வெள்ளைப் பேஸ்ட்டில் இருப்பது சிலிக்கோன் எண்ணெயில் குழைத்த துத்தநாக ஆக்சைடு. பச்சைக் குழந்தைகளின் தோல் சிவந்தால் தடவுகிற மருந்திலும் இருக்கும் அதே வெள்ளைப் பொடிதான். ஆனால் களிம்பு என்ற சொல்லுக்குள் வேறொரு சங்கடம் இருக்கிறது. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் சொல்கிற உவமை செம்பில் களிம்பு. செம்போடு கூடவே இருப்பது, தேய்த்தாலும் திரும்ப வருவது. இங்கே நாம் செம்பை நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, அதன்மேல் காசு கொடுத்து வாங்கிய களிம்பை நாமே பூசுகிறோம். மெய்கண்டார் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ரிச்சி தெருவில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. ‘பேஸ்ட் குடுங்க’ என்றால் சின்ன ஊசிக்குழலில் அடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் களிம்பின்மேல் எனக்கு அக்கறை வந்ததற்கு ஒரு சிற்றிதழ் காரணம். பாளையங்கோட்டையில் அண்ணாச்சி ஒருவர் 1998 முதல் 2014 வரை நடத்தியது. பெயர் வேண்டாம், வாங்கிப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் வெளியே டி.டி.பி. செய்துகொண்டிருந்தவர், 2002இல் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு கணினி போட்டார். பெண்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ். அதில் பேஜ்மேக்கர், கூடவே அன்றைய வழக்கப்படி ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு. அந்த எழுத்துரு வேலை செய்ய வேண்டுமானால், பிரிண்டர் சொருகும் இடத்தில் ஒரு பூட்டைச் செருகியிருக்க வேண்டும். விரல் நீளம்தான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் திரையில் கதையும் கவிதையும் போய், கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும்.

இளைய வாசகர்களுக்கு இது விளங்காமல் போகலாம். யூனிகோடு நிலைபெறும்வரை ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி வெவ்வேறு இடங்களில் அடுக்கி வைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தபிறகும் அச்சகங்கள் தம் பழைய எழுத்துருக்களை விட்டுவிடவில்லை. பிரபலமானவற்றுக்குப் பிற்பாடு மாற்றிகள் வந்தன. அண்ணாச்சி வாங்கிய தொகுப்புக்கு எதுவும் வரவில்லை; அதைச் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆக, வன்தட்டைக் கழற்றிக் கோப்புகளை வேறு கணினியில் நகலெடுத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை, ஆனால் அதனால் பயன் இல்லை. அந்தக் கணினி, அந்தப் பூட்டு, அந்த எழுத்துரு மூன்றும் ஒன்றாக உயிரோடு இருக்கும்போதுதான் அது தமிழ்.

அச்சான இதழ்கள் எப்படியும் யாரிடமாவது இருக்கும் என்று ஆறுதல் கொள்ளலாம். என் கவலை அச்சாகாத இதழைப் பற்றியது. பக்கம் பூர்த்தியாகி, மெய்ப்பும் பார்த்து, காகிதத்துக்குப் பணம் இல்லாமல் நின்றுபோன கடைசி இதழ் அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. அதில் ஒரு குறுநாவல். எழுதியவர் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். கையெழுத்துப் பிரதி தட்டச்சு ஆனதும், வழக்கம்போல, பழைய தாள்களோடு போய்விட்டது. 2019 மே மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணாச்சி சொன்னார்: “பத்து நிமிசம் ஓடுதுடே. பொறவு தானா அணைஞ்சிருது.”

தானாக அணைகிற கணினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கோளாறு அல்ல, தற்காப்பு. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் ஒரு காணொளி வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர்களின் தலையிலிருந்து ஹீட் சிங்கை அப்படியே பிடுங்கினார்கள். பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தத்தித்தத்தி நடந்தது. ஹீட் சிங்கைத் திரும்ப வைத்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. அன்றைய அத்லான் புகைந்து செத்தது. அந்நாளில் ஏ.எம்.டி. பக்தர்களுக்கும் இன்டெல் பக்தர்களுக்கும் நடந்த சண்டையில் இந்தக் காணொளி பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அண்ணாச்சியின் கணினியில் 70 டிகிரியைத் தாண்டினால் மின்சாரத்தை நிறுத்திவிடும்படி பயாஸில் யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். புண்ணியவான்.

விசிறி ஓடியது. ஹீட் சிங்கில் தூசியை ஊதித் தள்ளியாயிற்று. இருந்தும் எண்கள் கண்ணெதிரே ஏறின: 58, 63, 67. ஹீட் சிங்கின் உச்சியைத் தொட்டுப் பார்த்தால் வெறும் வெதுவெதுப்புதான். இதுதான் குறிப்பறிய வேண்டிய இடம். கீழே கொதிக்கிறது, மேலே ஆறியிருக்கிறது என்றால் நடுவில் வழி அடைபட்டிருக்கிறது.

அந்த பிராசஸர் வெளியேற்றுவது ஏறத்தாழ 58 வாட். ஒரு மங்கலான குண்டு பல்பின் அளவுதானே என்று தோன்றும். ஆனால் அத்தனையும் ஒன்றரை சதுர சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு சில்லில் பிறக்கிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். இந்தச் சில்லில் 40 வாட். சில்லின் மேல், பக்கத்துக்கு 31 மில்லிமீட்டர் கொண்ட செம்பு மூடி ஒன்று, நிக்கல் பூச்சோடு. அதன்மேல் ஹீட் சிங்கின் அடிப்பாகம். இரண்டும் கண்ணுக்குப் பளபளப்பான சமதளங்கள். உண்மையில் இரண்டுமே மேடும் பள்ளமுமானவை. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் மேடுகள் சில இடங்களில் தொட்டுக்கொள்ளும், மீதி இடமெல்லாம் காற்று.

காற்றைப்போல் மோசமான வெப்பக் கடத்தி வேறு அதிகம் இல்லை. கம்பளிக்குள் நம்மைக் காப்பதும், ஃபிளாஸ்க்குகள் வருவதற்கு முன் இரட்டைச் சுவர்ப் பாத்திரங்களில் சூட்டைக் காத்ததும் அசையாத காற்றுதான். செம்பின் வெப்பக் கடத்துதிறன் எண் சுமார் 400. காற்றுக்கு 0.026. வெள்ளைப் பேஸ்ட்டுக்கு, தாராளமாகவே, 1 என்று வைத்துக்கொள்வோம். விலை உயர்ந்தவற்றின் உறைகளில் 8, 12 என்றெல்லாம் போட்டிருக்கும். கொஞ்சம் கழித்துக்கொண்டு படிப்பது நல்லது.

அந்த மூடியின் மேல் 50 மைக்ரான் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். தலைமயிரைவிடச் சற்று மெல்லியது. அது முழுக்கக் காற்றாக இருந்தால் 58 வாட் அதைக் கடப்பதற்கு, கீழுக்கும் மேலுக்கும் 116 டிகிரி வேறுபாடு தேவைப்படும். அதே இடத்தை மலிவான வெள்ளைப் பேஸ்ட் நிரப்பினால் 3 டிகிரி போதும். செம்பே நிரப்பினால் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. இது காகிதக் கணக்குதான். நிஜத்தில் மேடுகள் தொடுகின்றன, சூடு மூடியெங்கும் சமமாகப் பரவுவதும் இல்லை. ஆனாலும் இந்த மூன்று எண்களில் எல்லாம் வந்துவிடுகிறது. பேஸ்ட் குளிர்ச்சி தருவதில்லை. செம்போடு ஒப்பிட்டால் அது ஒரு தடை, 400 மடங்கு பெரிய தடை. காற்று என்னும் பெருந்தடையை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காரும் சிறிய தடை. அதனால்தான் அது எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 50 மைக்ரானுக்குப் பதில் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு அது நின்றுவிட்டால் 3 டிகிரி 30 டிகிரி ஆகிவிடும்.

சரியாகப் பூசப்பட்டிருக்கும்வரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. மெய்ப்புத் திருத்துகிறவர்களின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான் என்று அண்ணாச்சியிடம் சொல்ல நினைத்தேன். அவரே பதினாறு ஆண்டு மெய்ப்புப் பார்த்தவர் என்பதால் சொல்லவில்லை.

இனி கழற்றுவது. எனக்குப் பயம் தருகிற கட்டம் பூசுவதல்ல, கழற்றுவதுதான். இந்த வகை பிராசஸருக்கு அடியில் 478 கால்கள். ஊசியைப்போல் நிற்பவை. ஒரு சிறிய நெம்புகோல் அவற்றைச் சாக்கெட்டில் பற்றியிருக்கும். ஹீட் சிங்க் மேலே இருக்கும்வரை அந்த நெம்புகோலைத் தூக்க இடமே கிடைக்காது. பழைய பேஸ்ட் இறுகிப்போயிருந்தால், ஹீட் சிங்கை இழுக்கும்போது பிராசஸரும் பிடிப்பிலிருந்து உருவிக்கொண்டு கூடவே வந்துவிடும். சில கால்கள் மடங்கும். விதி மோசமென்றால் ஒன்றிரண்டு ஒடியும். (மடங்கியதை ஈயம் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனைக்குள் நுழைத்து நிமிர்த்துவது ஒரு கைவைத்தியம்.) 2004இல் இன்டெல் கால்களை பிராசஸரிலிருந்து எடுத்து மதர்போர்டிலேயே வைத்துவிட்டது, ஏ.எம்.டி.யின் மேசைக்கணினி பிராசஸர்கள் 2022வரை இந்தத் தொல்லையைச் சுமந்தன.

இதற்கு ஒரே வழி சூடாக இருக்கும்போது கழற்றுவது. சூட்டில் பேஸ்ட் இளகும். பொதுவாக இதற்காகக் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அண்ணாச்சியின் கணினி அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை; அது தானே சூடாகித் தானே அணைந்தது. மின்கம்பியை உருவிவிட்டு, கொக்கிகளை விடுவித்து, ஹீட் சிங்கை மேலே இழுக்காமல் வலமும் இடமுமாக மெல்லத் திருக வேண்டும். திருகாணி மூடியைத் திறப்பதுபோல, ஆனால் ஓரிரு டிகிரிதான். முதலில் அசையவே இல்லை. நாலைந்து முறைக்குப் பிறகு ‘சட்’ என்று ஒரு சிறு சத்தம். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹீட் சிங்க் தனியாக வந்தது. பிராசஸர் தன் இடத்தில் இருந்தது.

உள்ளே பார்த்தால் மண்ணடுக்குகளைப்போல இரண்டு காலங்கள். அடியில் 2002இல் தொழிற்சாலையிலிருந்தே வந்த சாம்பல் நிறப் பூச்சு. மேலே 2016இல் ஒரு பழுதுபார்க்கும் கடையில் அதைத் துடைக்காமலே அப்பிய வெள்ளைப் பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் மறந்துபோன சுண்ணாம்பாக வெடித்துக் கிடந்தது. நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறை கணினி சூடாகி ஆறும்போதும் உலோகங்கள் நெளிந்து மீள்கின்றன. அந்த அசைவு பேஸ்ட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுக்கிவிடுகிறது. எண்ணெய் பிரிந்து, பொடி மட்டும் தங்குகிறது. விட்டுப்போன இடத்தில் காற்று திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சுத்தம் செய்ய வேண்டியது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கைப்பேசி பழுதுபார்ப்பவர்கள் ‘ஐ.பி.ஏ.’ என்பார்கள், சின்னப் புட்டியில் கிடைக்கும். தண்ணீர் கூடாது. இறுகிய பகுதியைச் சுரண்ட ஸ்குரூ டிரைவரை எடுக்கவே கூடாது. உலோகத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் காற்றுக்குக் கட்டிக்கொடுக்கிற வீடு. நான் பழைய ரீசார்ஜ் அட்டை ஒன்றை உபயோகித்தேன். துடைப்பதற்கு மேலைநாட்டில் காபி வடிகட்டும் தாளைச் சொல்வார்கள். நம் வீடுகளில் அது ஏது? பலமுறை துவைத்துப் பஞ்சு விடுவதை நிறுத்திவிட்ட வேட்டித் துண்டு அதைவிடச் சிறப்பாகவே வேலை செய்கிறது. மூடியையும் ஹீட் சிங்கின் அடியையும் துணியில் கறை ஏறாத வரைக்கும் துடைக்க வேண்டும். பிறகு விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்க்கும் ஒரு கனம் உண்டு.

பூசுகிற முறைகளில் கட்சிகள் பல. நடுவில் ஒரு பொட்டு, ஒரு கோடு, பெருக்கல் குறி, அட்டையால் சமமாக இழுத்துப் பரப்புவது. இவற்றை முன்னிட்டு நடந்த விவாதங்களை அச்சிட்டால் ஒரு நூலகம் தேறும். மூடியுள்ள சாதாரண பிராசஸருக்கு, அழுத்தம் சரியாக இருந்தால், இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் முடிவு. மூடியில்லாத மடிக்கணினிச் சில்லுகளுக்குப் பரப்புவது பாதுகாப்பு. பற்பசையைத் தடவிப் பார்த்தவர்களும் உண்டு. முதலில் நன்றாகவே வேலை செய்து, காய்ந்ததும் கைவிட்டுவிடும். முக்கியமானது ஒன்றே: வைத்தபிறகு தூக்கிப் பார்க்கக்கூடாது. தூக்கி மறுபடி வைத்தால் குமிழிகள் மாட்டிக்கொள்ளும்.

திரவ உலோகம் போடலாமே என்று கடைப் பையன் கேட்டான். காலியம் கலந்த அது பேஸ்ட்டைவிடப் பல மடங்கு கடத்தும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் சோனியே அதைத்தான் போட்டிருக்கிறது. ஆனால் காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்துவிடும், சிந்தினால் மின்சாரத்தையும் கடத்தும். அண்ணாச்சியின் ஹீட் சிங்க் அலுமினியம். சாதாரணப் பேஸ்ட்டே போதுமென்றேன். ஆசைக்கும் தேவைக்கும் உள்ள தூரம் 2012இல் நன்றாக வெளிப்பட்டது. இன்டெல் அந்த ஆண்டின் பிராசஸர்களில் சில்லுக்கும் மூடிக்கும் நடுவே பற்றவைப்பதை விட்டுவிட்டு பேஸ்ட்டை வைத்தது. ஆர்வலர்கள் கொதித்துப்போய் சவர பிளேடால் மூடியைப் பெயர்த்தார்கள். பேஸ்ட் மட்டம் என்று வைதார்கள். அளந்து பார்த்த சிலருக்குத் தெரிந்தது வேறு: பேஸ்ட்டின் தரத்தைவிட, மூடியை ஒட்டியிருந்த கருப்புப் பசை அதைத் தூக்கி நிறுத்தியதால் உண்டான இடைவெளிதான் பெரிய குற்றவாளி.

நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு வைத்தேன். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஏடே, இம்புட்டுதானா? தாராளமா வையி. காசு நான் தாரேன்லா.”

கணக்கைச் சொன்னேன். காற்று, செம்பு, நடுவில் இது. அவர் தம் இதழ்களைத் தாமே பைண்டிங் செய்தவர். எண்களை அவர் கேட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

“அப்பம் இது பசையே இல்ல. ஓட்டுச் சந்துல மழ எறங்காம வைக்கமே, சாந்து, அந்த மாதிரி. சாந்து கூடிட்டா ஓடு எந்திரிச்சுக்கிடும்.”

இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ஹீட் சிங்கை நேராக இறக்கி, எதிரெதிர்க் கொக்கிகளைச் சேர்த்து அழுத்தி மாட்டினேன். பயாஸில் எண் 44இல் தொடங்கியது. அறைக்குள் மே மாதத்துப் பாளையங்கோட்டை வெயில். சுவர்க்கடிகாரத்தோடு இருந்த வெப்பமானி 36 காட்டியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு 51. அங்கேயே நின்றது.

முதலில் அச்சாகாத இதழைத்தான் திறந்தோம். பேஜ்மேக்கரிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் பிரிண்டருக்கு அனுப்புவதுபோல் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக வன்தட்டில் எழுதி, அதை என் மடிக்கணினியில் பி.டி.எஃப். ஆக்குவதாகத் திட்டம். சொற்களாகத் தேட முடியாது. ஆனால் எழுத்தின் வடிவம் பூட்டு இல்லாமலும் நிற்கும். குறுநாவல் 64 பக்கம். திரையில் அது தமிழாக வந்தது. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று பக்கம் வரை ஒன்றும் பேசாமல் படித்தார். நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 51. பிறகு திரையில் விரலை வைத்தார்.

“இங்கன பாரு. ‘கறை’ன்னு இருக்கு. ஆத்தங்கரைல்லா? எடையின ‘ர’ போடு. அவரு பாத்தா வைவாரு.”

திருத்தினேன். சேமித்தேன். அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார்.